இறங்கும்போது கை எங்கே இருக்கும்? ரேஸ் சைக்கிளுக்கு ஹேண்டில் தேர்ந்தெடுப்பது

ரேஸ் சைக்கிளுக்கு ஹேண்டில் மாற்ற வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது எது பாரம் குறைவு, எது பார்க்க எடுப்பாக இருக்கும் என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்று மட்டும்.

"நுவரெலியாவிலிருந்து இறம்பொடைப் பக்கம் இறங்கும்போது கையை எங்கே வைக்கிறீங்க?"

"மேலேதான் அண்ணே, பிரேக் ரப்பர் மேல."

"கீழ் வளைவைப் பிடிக்கிறதே இல்லையா?"

"அது ரொம்பக் கீழே கிடக்கு. கழுத்து வலிக்கும்."

பிரேக் ரப்பர் என்று சொல்வது பிரேக் லீவரின் அடிப்பகுதியை மூடியிருக்கும், கையை வைக்கும் ரப்பர் உறையை. எந்த ஹேண்டில் வாங்குவது என்பது அந்தப் பதிலிலேயே பாதி முடிவாகிவிடும்.

நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருக்கிறேன். மாலையில் வீட்டு விறாந்தையில் சைக்கிள் வேலை. புதுச் சைக்கிள் வருவது குறைவு. ஜப்பானிலிருந்து கொள்கலனில் வந்திறங்கிய பழைய ரேஸ் சைக்கிள்களே அதிகம். சட்டம் நன்றாக இருக்கும், கியர் சுமாராக இருக்கும், ஹேண்டில் மட்டும் வேறு யாருடையவோ உடம்புக்கென்று வாங்கியதாக இருக்கும். சமதரையில் அதை வைத்துச் சமாளிக்கலாம். இங்கே கஷ்டம். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, கண்டி 500 மீற்றர் அளவில். அந்த வித்தியாசம் முழுவதையும் வளைவு வளைவாகப் பிரேக் பிடித்தேதான் இறங்க வேண்டும். ஏறும்போது ஹேண்டில் சரியில்லாவிட்டாலும் காலை வைத்து ஒப்பேற்றிவிடலாம். இறங்கும்போது பிரேக்கும் கையில், திருப்பமும் கையில். அதனால் நான் ஹேண்டில் பார்ப்பது இறக்கத்தை மனதில் வைத்துத்தான்.

மாற்றியே ஆக வேண்டியவை

வசதிக்காக மாற்றுவது உங்கள் இஷ்டம். ஆனால் சிலவற்றை மாற்றாமல் விடக் கூடாது. அதைத் தெரிந்துகொள்ள ஹேண்டிலில் சுற்றியிருக்கும் டேப்பை முழுதாகக் கழற்ற வேண்டும். வியர்வை உப்பும் மழைத் தண்ணீரும் டேப்புக்கு அடியில் தங்கி அலுமினியத்தை அரிக்கும், வெள்ளையாகத் தூள் படிந்திருக்கும். துடைத்ததும் வழுவழுப்பான உலோகம் தெரிந்தால் பரவாயில்லை. குழி குழியாக இருந்தால் அந்த ஹேண்டிலை விட்டுவிடுங்கள்.

அப்புறம் இரண்டு இடங்களை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஒன்று, ஸ்டெம், அதாவது ஹேண்டிலை முன் கவையோடு சேர்க்கும் கழுத்து, பிடித்திருக்கும் இடத்தின் இரண்டு ஓரங்கள். மற்றது, பிரேக் லீவரின் பட்டி இறுக்கியிருக்கும் இடம். அங்கே நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் தடுக்கினால் அது வெடிப்பாகவும் இருக்கலாம், ஆழமான கீறலாகவும் இருக்கலாம். எதுவானாலும் எனக்கு அந்த ஹேண்டில் வேண்டாம். கொழுந்து அரைக்கும் ரோலரின் தண்டு உடைவதும் இப்படித்தான். எங்கோ ஒரு சின்னக் கீறல், சுற்றச் சுற்ற அது மயிரிழை மயிரிழையாக உள்ளே வளரும், ஒரு நாள் சத்தமே இல்லாமல் இரண்டாகும். அதிலும் இரும்புக்கு ஒரு குணம் உண்டு: பாரம் ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் எத்தனை தடவை வளைந்து கொடுத்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. சின்னச் சின்ன அதிர்வும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். நம் வீதிகளில் அந்தக் கணக்கு எவ்வளவு வேகமாக ஏறும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

விழுந்து வளைந்த ஹேண்டிலை "நிமிர்த்தித் தாறேன்" என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வளைந்த அலுமினியத்தைத் திருப்பி வளைத்தால் அந்த இடம் இன்னும் பலவீனமாகும். கார்பன் ஹேண்டிலில் இன்னொரு சிக்கல்: வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். பலமாக விழுந்திருந்தால் அதையும் மாற்றத்தான் வேண்டும்.

கடைக்குப் போகும் முன் ஒரு காகிதப் பட்டி

ஹேண்டிலின் நடுவில், ஸ்டெம் கவ்வும் இடத்தின் விட்டம்தான் முதல் அளவு. இது தவறினால் மற்ற எதுவும் சரியாக இருந்து பயனில்லை. இன்றைய ரேஸ் சைக்கிள்களில் பெரும்பாலும் 31.8 மி.மீ. பழையவற்றில் 26.0, அல்லது 25.4. ஜப்பான் சைக்கிள்களில் இந்தக் கடைசி இரண்டும் கலந்துகட்டி வரும். இரண்டுக்கும் வித்தியாசம் 0.6 மி.மீ. மட்டுமே என்பதால் அடிமட்டத்தை மேலே வைத்துப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள்.

வேர்னியர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், ஹேண்டிலைக் கழற்றி, ஒரு காகிதப் பட்டியை அந்த இடத்தில் இறுக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, ஒன்றன் மேல் ஒன்று படும் இடத்தில் பேனையால் கோடு போடுங்கள். பட்டியை விரித்து அளந்தால் சுற்றளவு கிடைக்கும். 10 சென்டிமீற்றருக்கு ஒட்டி வந்தால் 31.8. 81.7 மி.மீ. அளவில் வந்தால் 26.0. 80 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் 25.4. விட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் சுற்றளவில் 2 மி.மீ. ஆகிவிடுகிறது, அதை அடிமட்டத்திலேயே படிக்கலாம். அந்தப் பட்டியில் அளவை எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பு டாம் வீதி வரைக்கும் போய் "சைஸ் தெரியாதே" என்று நிற்பது நல்ல பிழைப்பில்லை.

சோடா டின்னை வெட்டி நடுவில் சுற்றி, 25.4 ஹேண்டிலை 26.0 ஸ்டெம்மில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சமதரையில் கடைக்குப் போய்வர அது தாங்கலாம். கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலைக்கு இறங்கும் வழியில் ஹேண்டில் அரை அங்குலம் சுழன்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். 31.8 ஸ்டெம்மில் மெல்லிய ஹேண்டிலைப் போடுவதற்கென்றே தயாரித்த அலுமினிய வளையங்கள் விற்கிறார்கள், அவை வேறு விஷயம். அவற்றைத் தாராளமாகப் பாவிக்கலாம்.

பழைய சைக்கிள்களில் ஸ்டெம்மே வேறு மாதிரி இருக்கும்: முன் கவையின் குழாய்க்குள் இறங்கும் வளைந்த கழுத்து, ஹேண்டிலைக் கவ்வ ஒரேயொரு போல்ட். அதன் முகம் கழறாது. ஹேண்டிலின் ஒரு முனையை உள்ளே விட்டு, நெளித்து நெளித்து நடுவரைக்கும் கொண்டுவர வேண்டும். வளைவு ரொம்ப இறுக்கமான ஹேண்டில் அந்த ஓட்டைக்குள் பாதி வழியில் நின்றுவிடும். அப்படி ஸ்டெம் உள்ளவர்கள் வாங்கும் முன் கடையிலேயே போட்டுப் பார்ப்பது நல்லது. உயரத்துக்காக அந்தக் கழுத்தை மேலே இழுப்பவர்களுக்கு ஒன்று: தண்டில் ஒரு கோடு பொறித்திருக்கும், அது குழாய்க்கு வெளியே தெரியவே கூடாது.

அகலம்

சுவரில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள். தோள்பட்டையின் மேல் ஓரத்தில் எலும்பு முடியும் புடைப்பைத் தடவிக் கண்டுபிடித்து, இரண்டு பக்கத்துக்கும் நடுவே எவ்வளவு என்று வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். 40 சென்டிமீற்றர் என்றால் 40 அல்லது 42 ஹேண்டில். கடைகளில் 38, 40, 42, 44 என்று இரண்டிரண்டாகத்தான் கிடைக்கும்.

இதில் ஒரு குழப்பம் உண்டு. சில கம்பனிகள் ஒரு குழாயின் நடுவிலிருந்து மற்றக் குழாயின் நடு வரை அளக்கின்றன. சில வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை. ஒருவர் 42 என்பதும் மற்றவர் 44 என்பதும் ஒரே ஹேண்டிலாக இருக்கலாம். கீழ்ப்பக்கம் விரிந்த ஹேண்டில் என்றால் மேலே அளந்தார்களா, கீழே அளந்தார்களா என்பதையும் கேட்க வேண்டும். பழைய ஹேண்டிலை எப்படி அளந்தீர்களோ புதியதையும் அதே மாதிரி நீங்களே அளந்துவிட்டால் தலைவலி இல்லை.

டிவியில் ஓடும் பந்தயக்காரர்களைப் பார்த்து ஒடுக்கமாக வேண்டும் என்று கேட்கும் தம்பிமார் இருக்கிறார்கள். அவர்கள் காற்றை வெட்டிக்கொண்டு மணிக்கு 45 கிலோமீற்றரில் போகிறார்கள், அதற்கு அது சரி. நாங்கள் ரதல்ல குறுக்கு வீதியில் ஆசனத்தை விட்டு எழுந்து மிதிக்கிறோம். அங்கே கொஞ்சம் அகலம் இருந்தால் சைக்கிளை இடமும் வலமும் சாய்த்து இழுக்க வசதி, இறங்கும்போதும் முன் சக்கரம் வெடுக்கென்று திரும்பாது. அதற்காக 46க்குப் போகவும் தேவையில்லை. கை விரிந்தே இருந்தால் தோள் இறுகிவிடும். "பஸ் உரசுது அண்ணே, ஒடுக்கமா போடுங்க" என்று ஒருவர் கேட்டார். ஹேண்டிலில் 2 சென்டிமீற்றர் குறைத்தால் ஹட்டன் பஸ் தள்ளிப் போகுமா என்ன!

வளைவின் ஆழம், முன்நீட்டம்

முக்கியமான பகுதி இது. பக்கவாட்டில் நின்று ட்ராப் ஹேண்டிலை, அதாவது கீழே வளைந்து இறங்கும் ரேஸ் ஹேண்டிலைப் பாருங்கள். மேல் குழாயிலிருந்து வளைவு எவ்வளவு முன்னால் போகிறது என்பது முன்நீட்டம். மேலிருந்து கீழ்ப்பிடி வரைக்கும் எவ்வளவு இறங்குகிறது என்பது ஆழம். பழைய வட்ட வளைவு ஹேண்டில்களில் ஆழம் 140, 150 மி.மீ. வரைக்கும் இருக்கும், முன்நீட்டம் 90ஐத் தொடும். இப்போது கொம்பெக்ட் என்ற பெயரில் வருபவற்றில் ஆழம் 120 முதல் 130 வரை, முன்நீட்டம் 70 முதல் 80 வரை.

ஒரு இரண்டு சென்டிமீற்றர்தானே என்று தோன்றும். பிரேக் லீவர் மேலே ஓர் ஊசியில் மாட்டிச் சுழல்கிறது. மேலே ரப்பரைப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் விரல் அந்த ஊசிக்குக் கிட்டவே விழும். அங்கே எவ்வளவு பலம் கொடுத்தாலும் பாதி வீண். கீழ் வளைவிலிருந்து அழுத்தினால் விரல் லீவரின் நுனிப் பக்கம் விழும், இரண்டு விரலே போதும். சக்கர வளையத்தைப் பிடிக்கும் பிரேக் உள்ள சைக்கிளில் மழை நாளில் இறங்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும். ரப்பர் கட்டை முதலில் தண்ணீரை வழிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பிடிக்கும். அதுவரைக்கும் அழுத்திக்கொண்டே இருக்க விரலில் தெம்பு வேண்டும். அதோடு, குழியில் விழுந்து எழும்பும்போது மேலே வைத்த கை முன்னால் வழுக்கிவிடலாம். கீழே பிடித்த கையை வளைவே தாங்கிக்கொள்ளும். உடம்பின் பாரமும் தாழ்ந்து, திருப்பத்தில் சைக்கிள் தரையோடு நிற்கும்.

ஆகவே கீழ்ப்பிடி எட்டுகிற உயரத்தில் இருக்க வேண்டும். எட்டாத ஆழத்தில் இருந்தால் அந்தக் குழாயைச் சும்மா சுமந்துகொண்டு திரிகிறீர்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு, இளைஞரோ வயதானவரோ, நான் முதலில் காட்டுவது ஆழம் 125 அளவிலுள்ள கொம்பெக்ட்தான். நன்றாகக் குனிந்து பழகிய, இடுப்பு வளைகிற பந்தயப் பிள்ளைகள் வேண்டுமானால் ஆழமானதைத் தேடட்டும்.

கொட்டகலையிலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். சின்னக் கை. பழைய வட்ட வளைவு ஹேண்டில், கீழே பிடித்தால் லீவர் விரலுக்கு எட்டவில்லை. யாரோ அவருக்கு ஹேண்டிலை மேல்நோக்கிச் சுழற்றி வைத்துக் கொடுத்திருந்தார்கள். மேல்பிடி கிட்ட வந்தது உண்மைதான். ஆனால் கீழ்முனைகள் தரையைப் பார்த்துச் சரிந்துவிட்டன, கீழே பிடிக்கவே முடியாமல் போயிற்று. முன்நீட்டம் 70, ஆழம் 120 உள்ள ஒன்றைப் போட்டு, லீவரிலேயே இருக்கும் சின்னத் திருகாணியைத் திருப்பி அதை உள்ளே கொண்டுவந்தோம். பல கியர்-பிரேக் லீவர்களில் அந்தத் திருகாணி இருக்கிறது, பழையவற்றில் அதற்குப் பதிலாக ஒரு ரப்பர் துண்டைச் செருகுவார்கள். "சேர், இப்பதான் பிரேக்கே இருக்கிற மாதிரி இருக்கு" என்றார். பிரேக்கில் நான் கையே வைக்கவில்லை. (என்னைச் சேர் என்று கூப்பிட வேண்டாம் என்று சொல்லியும் பயனில்லை, பள்ளிக்கூடப் பழக்கம்.)

முன்நீட்டத்தை மாற்றும்போது ஒரு சின்னக் கணக்கு உண்டு. பழையதைக் கழற்றும் முன் ஆசனத்தின் மூக்கிலிருந்து பிரேக் ரப்பரின் பள்ளம் வரைக்கும் அளந்து எழுதிவையுங்கள். புது ஹேண்டிலின் முன்நீட்டம் 10 மி.மீ. குறைந்தால் கை 10 மி.மீ. கிட்ட வரும். பழைய தூரம் உங்களுக்குச் சரியாக இருந்திருந்தால் ஸ்டெம்மை ஒரு அளவு நீளமாகப் போட வேண்டும். ஸ்டெம்கள் 80, 90, 100 என்று பத்துப் பத்தாகவே வருகின்றன, ஆகவே கணக்கு ஒத்துப்போகும். இவ்வளவு காலமும் எட்டி எட்டிப் பிடித்துத் தோள் வலித்தவர்களுக்கு ஸ்டெம் மாற்றாமல் விடுவதே மருந்து.

கீழ்ப்பக்கம் வெளியே விரிந்த ஹேண்டில்கள் இப்போது வருகின்றன, 12 பாகை, 16 பாகை என்று. தோட்டத்து கிறவல் பாதையில் லயத்துக்கும் பெக்டரிக்கும் ஓடுகிறவர்களுக்கு நல்லது. மணிக்கட்டு இயல்பாக நிற்கும், சைக்கிள் துள்ளும்போது பிடி விடாது. கார்பெட் வீதியை விட்டு இறங்காதவர்களுக்கு அது தேவையில்லை.

நேர் ஹேண்டில், கார்பன்

"பேசாமல் நேர் ஹேண்டிலைப் போட்டுவிடலாமா" என்று கேட்பவர்கள் நிறைய. போடலாம், ஆனால் செலவு ஹேண்டிலோடு நிற்காது. ட்ராப் ஹேண்டிலில் லீவர் மாட்டும் இடத்தின் விட்டம் 23.8 மி.மீ., நேர் ஹேண்டிலில் 22.2. பழைய லீவர் இதில் உட்காராது. புது லீவர், புது கியர் மாற்றி, புதுக் கம்பிகள். அதிலும் மவுண்டன் சைக்கிள்களில் வரும் வி-பிரேக்குக்கான லீவரைக் கொண்டுவந்து ரேஸ் சைக்கிளின் பிரேக்கில் மாட்டினால், அது கம்பியை அளவுக்கு அதிகமாக இழுக்கும். லீவர் கல்லு மாதிரி இருக்கும், சக்கரம் நிற்காது. இறக்கத்தில் இதைவிட மோசமான கூட்டு இல்லை. வாங்கினால் ரேஸ் பிரேக்குக்கு ஏற்ற நேர் லீவர் என்று கேட்டே வாங்குங்கள்.

கார்பன் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அதிர்வைக் கொஞ்சம் குறைக்கும், பாரமும் குறைவு. ஆனால் செகண்ட் ஹேண்ட் கார்பன் ஹேண்டிலை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள், பெயர் தெரியாத புதியதையும் வாங்காதீர்கள். மாட்டும்போது கிறீஸ் போடக் கூடாது, அதற்கென்று மணல் போன்ற துகள் கலந்த பசை இருக்கிறது. இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச் இல்லாமல் கையை வைக்கவே வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரு நல்ல அலுமினிய ஹேண்டிலும் தடித்த டேப்பும் நல்ல பிரேக் கட்டைகளும் வாங்கலாம்.

மாட்டும்போது

புது ஹேண்டில் அகலமாக இருந்தால் பழைய கம்பி உறை நீளம் போதாமல் போகலாம். எல்லாவற்றையும் தளர்வாக மாட்டிவிட்டு ஹேண்டிலை இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். கம்பி இறுகினாலோ பிரேக் தானாகப் பிடித்தாலோ உறையை மாற்ற வேண்டும்.

ஸ்டெம் போல்ட்களின் மரைக்குக் கொஞ்சம் கிறீஸ் போடுங்கள். நான்கு போல்ட் முகம் என்றால் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும், மேலேயும் கீழேயும் இடைவெளி ஒரே அளவாக வருகிற மாதிரி. ஒரு பக்கம் மூடி மறுபக்கம் திறந்திருந்தால் ஹேண்டிலில் கீறல் விழுவது அங்கேதான். எவ்வளவு இறுக்கம் என்பது ஸ்டெம்மிலேயே பொறித்திருக்கும், பெரும்பாலும் 5 நியூட்டன் மீற்றர் பக்கத்தில். எலன் கீயின் நீள முனையில் குழாயைச் செருகித் தொங்குகிற பழக்கம் தோட்டத்து வேலைக்குச் சரி, இதற்குச் சரியில்லை.

கீழ்ப்பிடியின் முனை தரைக்குச் சமமாகவோ பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தோ இருக்கட்டும். இரண்டு லீவரும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நேரான பலகையை இரண்டின் மேலும் குறுக்கே வைத்தால் போதும். டேப் சுற்றும் முன்பே சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, கீழே பிடித்து, இரண்டு விரலால் லீவரை இழுத்துப் பாருங்கள். மணிக்கட்டை வளைக்காமல் எட்டினால் சரி. டேப் சுற்றிய பிறகு "கொஞ்சம் மேலே வைங்க" என்று சொன்னால் முழுவதையும் பிரிக்க வேண்டும், அதற்கு நான் தனியாகக் காசு வாங்குவேன்.

டேப்பைக் கீழ் முனையிலிருந்து மேலே சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் கீழ்ச் சுற்றின் மேல் ஏறினால், கை கீழ்நோக்கித் தள்ளும்போது விளிம்பு சுருண்டு வராது. முனை மூடிகள் இரண்டும் கட்டாயம். திறந்த குழாய் முனை, விழும்போது உடம்பில் வட்டமாக வெட்டிவிடும். மூடி தொலைந்தால் அன்றைக்கே மரக்கட்டையாவது செதுக்கி அடியுங்கள்.

முதல் தடவை வெளியே எடுக்கும் முன் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு உடம்புப் பாரம் முழுவதையும் பிரேக் ரப்பர்களின் மேல் இறக்கிப் பாருங்கள். ஹேண்டில் ஒரு நூல் அளவு சுழன்றாலும் ஸ்டெம் அளவு பொருந்தவில்லை, அல்லது இறுக்கம் போதாது. நானுஓயா வரைக்கும் போய் வந்து, எலன் கீயை எடுத்து எல்லாப் போல்ட்டையும் இன்னொரு தடவை தொட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு இறம்பொடைப் பக்கம் இறங்கலாம்.